760 மி.மீ. கைச்சுழற்றி எந்திரம்: மடிப்பு நடுவில் விரிகிறது, உருட்டிய குழாய் ஒரு முனையில் வாய் பிளக்கிறது

புதுப்பட்டறை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். வெட்டுதல், மடித்தல், உருட்டுதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே கைப்பிடியில் செய்யும் 760 மி.மீ. அகல எந்திரம் ஒன்றை வாங்கி, தரையில் போல்ட் போட்டு நிறுத்தி, ஒரு மாதமாக அதில் பழகி வருகிறேன். மூன்று வேலைகளுக்கும் 1 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகடுதான் உச்சவரம்பு என்று அதன் மேல் பொறித்திருக்கிறார்கள். நானும் அந்த வரம்பைத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் இரண்டு குறைகள் தொடர்ந்து வருகின்றன.

முதலாவது மடிப்பு. 700 மி.மீ. அகலத் தகட்டை 90 டிகிரிக்கு மடித்தால் இரு முனைகளிலும் மூலைமட்டம் சரியாக உட்காருகிறது. நடுவில் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. கோணமானியில் அளந்து பார்த்ததில் நடுவே 94 டிகிரி இருந்தது. இரண்டாவது உருட்டல். 200 மி.மீ. வெளிவிட்டமும் 600 மி.மீ. நீளமும் கொண்ட குழாய் வேண்டும் என்று 628 மி.மீ.க்குத் தகடு வெட்டி உருட்டினேன். இடது முனையில் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, வலது முனையில் 9 மி.மீ. இடைவெளி நிற்கிறது. போதாக்குறைக்கு, இணைப்பை ஒட்டிய இரு விளிம்புகளும் ஏறத்தாழ 25 மி.மீ. அகலத்திற்கு வளையாமல் தட்டையாகவே இருக்கின்றன. எந்திரத்தில் குறையா, என் கையில் குறையா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

தகட்டுவேலை:

மடிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையில் பெரும்பகுதி அதுதான்.

உங்கள் எந்திரத்தின் மேல் அலகைத் தாங்கும் உத்தரம் இரு முனைகளில் இருந்துதான் கீழே இழுக்கப்படுகிறது. தகடு எதிர்த்துத் தள்ளும்போது அந்த உத்தரம் நடுவில் மேல்நோக்கியும், கீழே இருக்கும் டை (தகடு அமர்ந்து மடியும் பள்ளக் கட்டை) நடுவில் கீழ்நோக்கியும் சற்றே தொய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்வுதான். ஆனால் மடிப்பின் கோணத்தை முடிவு செய்வது அலகு டைக்குள் இறங்கும் ஆழம் என்பதால், அந்தச் சிறு தொய்வும் கோணத்தில் பெரிதாகத் தெரிகிறது. வி வடிவ டையின் வாய் அகலம் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1 மி.மீ. தகட்டுக்குத் தடிமனைப் போல எட்டு மடங்கு வாய் என்பதுதான் வழக்கமான அளவு. 90 டிகிரிக்கு அருகில் அலகு 0.07 மி.மீ. குறைவாக இறங்கினாலே கோணம் ஒரு டிகிரி விரிந்துவிடும். அப்படிப் பார்த்தால் உங்கள் 4 டிகிரி வேறுபாட்டுக்குக் காரணம் நடுவே ஏற்பட்ட 0.28 மி.மீ. தொய்வுதான். முழு அகலத்தில், முழுத் தடிமனில் மடிக்கும் இந்த வகை எந்திரத்தில் இது வியப்பான அளவு அன்று.

இதற்கு நாங்கள் செய்வது டையின் அடியில் முட்டுக் கொடுப்பது. சாதாரண நகல் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் இருக்கும். டையைத் தளர்த்தி, அதன் அடியில் நடுவே 100 மி.மீ. நீளத் தாள் ஒன்று, அதைச் சுற்றி 250 மி.மீ. நீளத்தில் ஒன்று, 450 மி.மீ. நீளத்தில் ஒன்று என்று படிப்படியாக அடுக்கி மீண்டும் இறுக்குங்கள். நடுவில் மூன்று தாள், முனைகளில் ஒன்றுமில்லை என்ற நிலை கிடைக்கும். கோணம் சரியாக வந்ததும் அதே அளவில் பித்தளைத் தகட்டை வெட்டி நிரந்தரமாக வைத்துவிடலாம். தாள் எண்ணெயில் ஊறினால் நாளடைவில் நசுங்கிவிடும்.

பழைய லேத்:

மேலே சொன்ன காரணம் சரியாக இருக்கலாம், ஆனால் தாளை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். சுமை ஏறும்போது மட்டும் தொய்கிறதா, அல்லது டையே முதலில் இருந்து வளைந்து உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரியாமல் முட்டுக் கொடுத்தால், ஒரு குறையை இன்னொரு குறையால் மூடியதாகிவிடும்.

ஒரே தகட்டிலிருந்து 40 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, இடது முனை, நடு, வலது முனை ஆகிய மூன்று இடங்களிலும் வைத்து, ஒரே இழுப்பில் மூன்றையும் மடியுங்கள். மொத்தம் 120 மி.மீ. அகலம்தான் என்பதால் உத்தரத்தின் மேல் சுமை மிகக் குறைவு. மூன்று பட்டைகளும் ஒரே கோணத்தில் வந்தால் எந்திரம் நேராகத்தான் இருக்கிறது, முழு அகலச் சுமையில்தான் தொய்கிறது என்று பொருள். அப்போது முட்டுக் கொடுப்பது நியாயம். நடுப்பட்டை மட்டும் விரிந்து வந்தால் டை அமரும் இடத்தில் பெயிண்ட் கட்டியோ பிசிறோ இருக்கும், அல்லது டை வளைந்திருக்கும். இடதும் வலதும் வேறுபட்டால் உத்தரத்தின் இரு பக்கத் திருத்தாணிகளை (உயரத்தைத் திருத்தும் திருகாணிகளை) சமன்செய்ய வேண்டும். அரை மணி நேர வேலை இது; தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ரோலர்காரர்:

உருட்டலில் உங்களுக்கு வந்திருப்பது மூன்று தனித்தனிக் குறைகள். ஒன்றாகச் சேர்ந்து வந்ததால் குழப்புகின்றன.

முதலில் நீளம். 200 மி.மீ. வெளிவிட்டத்தை 3.1416 ஆல் பெருக்கி 628 என்று எடுத்திருக்கிறீர்கள். தகடு வளையும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது, நடுவில் உள்ள கோடுதான் நீளம் மாறாமல் இருக்கிறது. ஆகவே விட்டத்திலிருந்து ஒரு தடிமனைக் கழித்து, 199 மி.மீ.க்குத்தான் சுற்றளவு கணக்கிட வேண்டும். அது 625.2 மி.மீ. நீங்கள் 3 மி.மீ. கூடுதலாக வெட்டியிருக்கிறீர்கள். இடது முனையில் விளிம்பு ஏறிக்கொள்வதில் ஒரு பங்கு இதனால்தான்.

இரண்டாவது, ஒரு முனை மூடுவதும் மறு முனை பிளப்பதும். பின் ரோலர் முன் ரோலர்களுக்கு இணையாக இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை, தகடு நேராக நுழைந்திருந்தால். பின் ரோலர் உயர்ந்திருக்கும் பக்கம் தகடு அதிகம் வளையும். அதனால் இடது பக்கம் உயர்ந்தும் வலது பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். திருத்தாணிகளின் திருகல் எண்ணிக்கையை நம்பாதீர்கள், ஏனென்றால் இரு பக்க மரைகளிலும் விளையாட்டு (தளர்வு) ஒரே அளவில் இருக்காது. ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளின் வழவழப்பான தண்டுப் பகுதியை இரு முனைகளிலும் கீழ் ரோலருக்கும் பின் ரோலருக்கும் இடையில் செருகி, இரண்டும் ஒரே பிடியில் நழுவும்வரை திருத்தாணியைத் திருப்புங்கள். அந்தப் பிடி விரலுக்குத் தெரியும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியபடியே அளவுக்கு வந்து நிறுத்துங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றி வாருங்கள். மரையின் விளையாட்டு ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்பதற்கு இதுதான் வழி. கூம்பு செய்ய வேண்டியவர்கள் இதே ரோலரை வேண்டுமென்றே சாய்த்து வைத்துக்கொள்வார்கள். நீங்கள் வேண்டாமலேயே கூம்பு செய்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, தட்டையான விளிம்பு. இது எந்திரத்தின் குறை அன்று, அதன் அமைப்பு. முன்னால் இருக்கும் இரண்டு ரோலர்களும் தகட்டைக் கவ்வுகின்றன, பின்னால் இருக்கும் ரோலர் அதை மேலே தள்ளுகிறது. வளைவு நிகழும் இடம் கவ்வும் புள்ளி. முதலில் நுழையும் விளிம்பு பின் ரோலரைத் தொடும் வரை அதைத் தள்ள எதுவும் இல்லாததால், அவ்வளவு தூரமும் வளையாமல் கடந்துவிடுகிறது. கடைசியாக வெளியேறும் விளிம்புக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே ஒரு பக்கம் உருட்டியதும் தகட்டைத் திருப்பி மறு விளிம்பிலிருந்து செலுத்துவது ஒரு வழி. நான் பெரும்பாலும் செய்வது வேறு. உருட்டுவதற்கு முன்பே இரு விளிம்புகளையும் 40 மி.மீ. அகலத்திற்கு ஒரு கனமான குழாயின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டி வளைத்துவிடுவேன். இரும்புச் சுத்தி வேண்டாம். அது விளிம்பை நீட்டி அலை அலையாக்கிவிடும். குழாயின் விட்டம் நீங்கள் விரும்பும் விட்டத்தைவிடக் கணிசமாகச் சிறியதாக இருக்கட்டும்.

ஏன் சிறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உருட்டலில் பலரும் இடறுவது இங்கேதான். பெரிய வளைவில் தகடு அதிகமாக மீண்டு விரியும். 250 மெகாபாஸ்கல் விசைச்செறிவில் நெகிழும் (அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும்) 1 மி.மீ. எஃகுத் தகட்டில் 200 மி.மீ. விட்டம் நிற்க வேண்டுமானால், ரோலர்களுக்கு இடையில் இருக்கும்போது அதை ஏறத்தாழ 146 மி.மீ. விட்டத்திற்கு வளைத்தாக வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. விட்டுவிட்டதும் அது 200க்கு விரிந்துகொள்ளும். தகட்டுக்குத் தகடு இந்த நெகிழ்வு அளவு மாறும் என்பதால், பழைய தகட்டில் வைத்த திருத்தாணி நிலை புதிய தகட்டுக்கு அப்படியே பொருந்தாது. சிறிது சிறிதாக ஏற்றி, நான்கைந்து முறை செலுத்தி, ஒவ்வொரு முறையும் அட்டையில் வெட்டிய வளைவு அச்சை உள்ளே வைத்துப் பாருங்கள். குறைவாக வளைந்ததை மேலும் வளைக்கலாம். அதிகமாக வளைந்துவிட்டதை விரிப்பது பெரும்பாடு.

தகட்டுவேலை:

ரோலர்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் அதை அரத்தால் நீக்கிவிட்டுத்தான் ரோலரில் விட வேண்டும். பிசிறு ரோலரின் மேல் கோடு போடும், பிறகு அந்தக் கோடு நீங்கள் உருட்டும் ஒவ்வொரு தகட்டிலும் பதியும். வெட்டும் அலகுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி தடிமனில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருந்தால் பிசிறு குறையும், 1 மி.மீ. தகட்டுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. மடிக்கும்போது, நீக்க முடியாத சிறு பிசிறு எஞ்சியிருந்தால் அந்தப் பக்கம் மடிப்பின் உட்புறமாக வரட்டும். வெளிப்புறமாக வந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

நீள்கை:

ஒரு கேள்வி கேட்கலாமா? என்னிடமும் இதே அளவு எந்திரம் இருக்கிறது. 1.6 மி.மீ. தகட்டில் வேலை வந்திருக்கிறது. கைப்பிடியில் ஒரு மீட்டர் குழாயைச் செருகிச் சுற்றினால் எளிதாகச் சுழல்கிறது. அகலமும் 500 மி.மீ.தான். இதில் தவறு ஏதும் உண்டா?

பழைய லேத்:

தவறுதான், நண்பரே. அந்தத் தவற்றை நான் செய்து பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மடிக்கவும் உருட்டவும் தேவைப்படும் விசை தடிமனின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1.6 ஐ 1.6 ஆல் பெருக்கினால் 2.56, அதாவது 1 மி.மீ. தகட்டுக்குத் தேவைப்பட்டதைவிட இரண்டரை மடங்கு. அகலத்தை 760இலிருந்து 500க்குக் குறைத்ததால் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. கூட்டிக் கழித்தால் எந்திரத்தின் வரம்பைவிட 1.7 மடங்கு சுமை ஏற்றுகிறீர்கள். கைப்பிடியின் நீளம் அந்தச் சுமையைக் குறைப்பதில்லை. உங்கள் கைக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போல் குழாய் செருகி 1.6 மி.மீ. தகட்டை உருட்டினேன். மூன்றாவது சுற்றில் கைப்பிடி திடீரென்று இலகுவாகி, என் முழு எடையோடு முன்னால் சாய்ந்தேன். வார்ப்பிரும்புப் பல்சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பற்கள் வேரோடு பெயர்ந்திருந்தன. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. பல்சக்கரத்தை மாற்றிவிட்டேன். ஆனால் மேல் ரோலரைக் கழற்றி லேத்தில் இரு மையங்களுக்கிடையில் வைத்து டயல் கேஜால் பார்த்தபோது, அதன் நடு 0.4 மி.மீ. விலகி ஓடியது. நேராக்க முயன்று தோற்று, புதிய ரோலர் கடைந்து போட்டேன். அந்தக் கைப்பிடி கொடுத்த எதிர்ப்புதான் எந்திரம் எனக்குச் சொல்லக்கூடிய ஒரே எச்சரிக்கை. அதைக் குழாய் செருகி நானே அடைத்துவிட்டேன் என்பது அன்றைக்குப் புரியவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இது பொருந்தும். மைல்ட் ஸ்டீலில் 1 மி.மீ. என்று எழுதியிருக்கும் எந்திரத்தில் 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டை முழு அகலத்துக்கு விடாதீர்கள்.

நீள்கை:

புரிந்தது, ஐயா. குழாயை எடுத்துவிட்டேன். அந்த வேலையைப் பெரிய எந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புகிறேன்.

புதுப்பட்டறை:

சொன்னபடியே எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். மூன்று பட்டைச் சோதனையில் இடது 90, நடு 90.5, வலது 90 டிகிரி வந்தது. ஆகவே எந்திரம் நேராகத்தான் இருக்கிறது, சுமையில் தொய்கிறது என்று எடுத்துக்கொண்டு தாள் அடுக்கினேன். மூன்று தாளில் நடு 91 டிகிரி வந்தது; முனைகளை ஒட்டிய பகுதியில் மாற்றமில்லை. நடுவில் மட்டும் இன்னொரு சிறு தாள் சேர்த்ததும், 700 மி.மீ. முழுவதும் அரை டிகிரிக்குள் நிற்கிறது.

பின் ரோலரில் 6 மி.மீ. டிரில் பிட்டுகளைச் செருகிப் பார்த்தபோது இடது பக்கம் இறுக்கமாகவும் வலது பக்கம் தொளதொளவென்றும் இருந்தது. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளில்) வேறுபாடு 0.6 மி.மீ. திருத்தாணிகளின் திருகல் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ரோலர்காரர் சொன்ன மரை விளையாட்டு இதுதான் போலும்.

இடையில் இரண்டு புதிய கேள்விகள். பெட்டி செய்யும்போது, வெளியளவுகளின் கூட்டலிலிருந்து ஒவ்வொரு மடிப்புக்கும் எவ்வளவு கழித்துத் தகடு வெட்ட வேண்டும்? மேலும், 1 மி.மீ. அலுமினியத் தகடு, 6061 டி6 வகை, மடித்த கோட்டிலேயே விரிசல் விட்டது. மடிப்புக் கோட்டைக் குறியூசியால் கீறித்தான் மடித்தேன்.

மூலைமட்டம்:

கழிவை எந்த அட்டவணையிலும் தேட வேண்டாம். உங்கள் டையே சொல்லிவிடும். சரியாக 100 மி.மீ. நீளப் பட்டையை நடுவில் 90 டிகிரிக்கு மடித்து, இரு கைகளின் வெளியளவையும் வெர்னியரில் எடுத்துக் கூட்டுங்கள். 100க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுதான் ஒரு மடிப்புக்கான கழிவு. 8 மி.மீ. வாயில் 1 மி.மீ. எஃகுக்கு உள்ளாரம் (மடிப்பின் உட்புற வளைவின் ஆரம்) ஏறத்தாழ 1.3 மி.மீ. அமையும், கழிவு 1.9 மி.மீ. பக்கம் வரும். 300 மி.மீ. அடிப்பாகமும் இரு பக்கமும் 50 மி.மீ. உயரமும் வேண்டுமானால் வெளியளவுக் கூட்டல் 400; இரண்டு மடிப்புக்கு 3.8 கழித்து 396.2 மி.மீ.க்கு வெட்டுங்கள்.

அலுமினியத்தில் நீங்கள் செய்த தவறு குறியூசி. கீறல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது விரிசலுக்குப் போட்டுக் கொடுத்த பாதை. மடிப்புக் கோட்டை மென்மையான மார்க்கர் பேனாவால் வரையுங்கள். குறியூசியை வெட்டும் கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, 6061 டி6 கூர்மையாக மடிப்பதற்கான தகடே அன்று. அதற்குத் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு உள்ளாரம் வேண்டும். மடிக்கும் வேலைக்கு 5052 ஹெச்32 வகையை வாங்குங்கள், அது உங்கள் டையிலேயே விரிசலின்றி மடியும். கையிருப்பில் இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், ஆலையில் தகடு உருண்டு வந்த திசை அதன் மேல் நுண்கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக மடிப்பு விழும்படி தகட்டைத் திருப்பி வெட்டுங்கள்.

சூடாக்கி இளக்கினால் மடியுமே என்று யாராவது சொல்வார்கள். மடியும், 415 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால். ஆனால் டி6 எனும் கடினமாக்கிய நிலையில் 276 மெகாபாஸ்கல் தாங்கிய உலோகம் இளகிய பிறகு அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் நெகிழத் தொடங்கிவிடும். மேலும் அலுமினியம் உருகும்வரை சிவக்காது என்பதால் கண்ணை நம்பிச் சூடாக்கினால் தகடு திடீரென்று தொங்கி விழும். தாங்கு வேலைக்கு அந்த வழி வேண்டாம்.

ரோலர்காரர்:

குழாயை உருட்டுவதற்கு முன் ஒரு சொல். தகட்டைத் தூக்கிவரக் கையுறை கட்டாயம் போடுங்கள். ரோலரின் பக்கம் வந்ததும் கழற்றிவிடுங்கள். கவ்வும் புள்ளி கையுறை நுனியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். உங்களுடையது போன்ற பல எந்திரங்களில் உருட்டும்போதே கீழே வெட்டும் அலகும் அதே தண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், இன்னொருவர் உதவிக்கு வந்தால் அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியை அசைக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் கூடவே கூடாது.

புதுப்பட்டறை:

625 மி.மீ.க்கு வெட்டி, பிசிறு நீக்கி, இரு விளிம்புகளையும் 114 மி.மீ. விட்டக் குழாயின் மேல் மரச்சுத்தியால் தட்டி வளைத்துவிட்டு, ஆறு முறை செலுத்தினேன். ஐந்தாம் முறையில் அச்சு கிட்டத்தட்டப் பொருந்தியது. ஆறாவதில் திருத்தாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் ஏற்றினேன். மேல் ரோலரின் முனையைத் தூக்கிக் குழாயை உருவி எடுத்தபோது, விளிம்புகள் இடதில் 1 மி.மீ., வலதில் 1.5 மி.மீ. இடைவெளியில் தாமாகவே நேருக்கு நேர் நின்றன. கையால் அழுத்திப் பிடித்து ஆறு இடங்களில் பொட்டுவைத்துப் பற்றவைத்தேன். விட்டத்தை மூன்று திசைகளில் அளந்ததில் 199.5, 200, 201 மி.மீ. வந்தது. இணைப்புக்கு அருகே மட்டும் விரலால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு சிறு தட்டை இன்னும் இருக்கிறது; அடுத்த குழாய்க்கு 100 மி.மீ. விட்டத்தில் தட்டிப் பார்க்கப் போகிறேன்.